கவர்னர் மனைவிக்குச் சம்பளம் கிடையாது

கவர்னருக்குச் சம்பளம் உண்டு, முத்திரை உண்டு, கையெழுத்துப் போடும் அதிகாரம் உண்டு. அவர் மனைவிக்கு இதில் எதுவும் கிடையாது. 19ஆம் நூற்றாண்டுப் பிரிட்டிஷ் காலனி ஒன்றில் ஒரு கவர்னரின் மனைவி ஏதாவது செய்ய நினைத்தால் கையில் இருந்தவை விருந்து மேசை, பிறந்த வீட்டுப் பணம், பயணம், கடிதம் ஆகியவைதான். இவற்றைக் கடைசிச் சொட்டு வரை பிழிந்து பயன்படுத்தியவர் ஜேன் பிராங்க்ளின். வான் டீமன்ஸ் லாண்ட் என்று அப்போது அழைக்கப்பட்ட டாஸ்மானியாவுக்கு 1837 முதல் 1843 வரை துணைநிலை கவர்னராக இருந்த சர் ஜான் பிராங்க்ளினின் மனைவி. பிற்பாடு ஆர்க்டிக் பனியில் இரண்டு கப்பல்களோடு காணாமல் போன அதே பிராங்க்ளின்தான்.

கணவரைத் தேடிய மனைவி என்றுதான் ஜேனை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு அவர் தீவின் தலைநகர் ஹோபார்ட்டில் கழித்த ஆண்டுகள்தான் முக்கியமாகப் படுகின்றன. லண்டனில் அவர் கடற்படையை ஆட்டிவைத்த வித்தை முழுவதும் ஹோபார்ட்டில் பழகியது. அங்கே அதை வம்பு என்றார்கள், பத்து வருடம் கழித்து லண்டனில் அதையே வீரம் என்றார்கள்.

ஜேன் கிரிஃபின் பிறந்தது 1791 டிசம்பர் 4, லண்டனில். அப்பா ஜான் கிரிஃபின் பட்டு நெசவுத் தொழிலில் செழித்தவர். அம்மா மேரி கில்லெமார்ட், பிரான்சிலிருந்து வந்த புராட்டஸ்டன்ட் வம்சம். அம்மா சீக்கிரமே இறந்துவிட்டார். படிப்பு என்று பார்த்தால் செல்சியில் ஒரு சிறிய விடுதிப் பள்ளி, பிறகு தாய்மாமா ஜான் கில்லெமார்டின் வழிகாட்டல், அப்பாவோடு ஐரோப்பா முழுக்கச் சுற்றியது, ராயல் இன்ஸ்டிட்யூஷன் விரிவுரைகள், மீதி எல்லாம் சொந்த வாசிப்பு. இதைக் குறைவாக எடைபோட வேண்டாம். இங்கிலாந்தில் பெண்களுக்கான முதல் கல்லூரிகளில் ஒன்றான கிர்டன் 1869இல்தான் திறந்தது. லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் கொடுக்க ஒப்புக்கொண்டது 1878இல். பட்டம் வாங்க இடமே இல்லாத காலத்தில் நாட்குறிப்புதான் அவருடைய பரீட்சைத் தாள். போன ஊரின் மண், விலைவாசி, சிறை, பள்ளி, பேசிய மனிதர்கள், அவர்கள் உளறியது என்று எதையும் விடாமல் மிகப் பொடி எழுத்தில் நிரப்புவார்.

இளமையில் அவர் மனம் பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர்மேல் போயிருந்தது. 1852இல் ஆங்கிலச் சொற்களஞ்சியத்தை வெளியிட்டுப் பெயர் பெற்றாரே, அவரேதான். அது கைகூடவில்லை. 1828 நவம்பரில், தன் 36ஆவது வயதில், தோழி எலினோர் போர்டன் இறந்து மூன்றாண்டு கழித்து அவருடைய கணவர் ஜான் பிராங்க்ளினை மணந்தார். அடுத்த ஆண்டு கணவருக்கு சர் பட்டம். இவர் லேடி பிராங்க்ளின். 1830 முதல் 1833 வரை கணவர் மத்தியதரைக் கடலில் ரெயின்போ கப்பலை நடத்த, ஜேன் எகிப்து, சிரியா, கிரேக்கம் என்று தன் போக்கில் சுற்றினார்.

அக்காலச் சட்டப்படி கல்யாணம் ஆன பெண்ணின் சொத்து கணவனுடையது. திருமணத்துக்கு முன்பே வக்கீல்கள் வழியாக அறங்காவலர் பெயரில் ஒதுக்கினால் மட்டும் தப்பும். இந்த நிலை மாறத் தொடங்கியது 1870, 1882 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால். ஜேனுக்குப் பிறந்த வீட்டுப் பணம் இருந்தது, அதைத் தன் விருப்பப்படி செலவழிக்கத் தடை போடாத கணவரும் இருந்தார். இந்த இரண்டில் ஒன்று குறைந்திருந்தாலும் மேற்கொண்டு சொல்ல எதுவும் இருந்திருக்காது.

1837 ஜனவரி 6 அன்று ஃபேர்லி கப்பலில் ஹோபார்ட் வந்து இறங்கினார்கள். கூடவே முதல் மனைவியின் மகள் எலினோர், கணவரின் சகோதரி மகள் சோஃபியா கிராக்ராஃப்ட், அந்தரங்கச் செயலாளர் அலெக்சாண்டர் மகோனக்கி. தீவின் குடியேறிகளும் கைதிகளுமாக மக்கள்தொகை நாற்பதாயிரத்தைச் சற்றே தாண்டியது. அதில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு தண்டனைக் கைதிகள். முந்தைய கவர்னர் ஜார்ஜ் ஆர்தர் பன்னிரண்டு ஆண்டுகள் இரும்புப் பிடியோடு ஆண்டவர். அவர் விட்டுப்போன அதிகாரிகளும் அவர்களின் மைத்துனர், மருமகன் வகையறாக்களும்தான் நிர்வாகமே. காலனிச் செயலாளர் ஜான் மான்டேகுவின் மனைவி ஆர்தருக்கு நெருங்கிய உறவு. இந்த வலைக்குள் ஒரு நல்ல மனது படைத்த கப்பல்காரரும், எதையும் கேள்வி கேட்கும் மனைவியும் வந்து விழுந்தார்கள்.

முதலில் விருந்து மேசை. கவர்னர் மாளிகை என்றால் நடன விருந்து என்பதுதான் ஊர் எதிர்பார்ப்பு. ஜேன் நடனத்தைக் குறைத்து, அறிவியல் பேசும் மாலைகளை வைத்தார். இளம் அதிகாரிகளும் கல்யாண வயதுப் பெண் வைத்திருந்த தாய்மார்களும் முகம் சுளித்தார்கள். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. இத்தனை சிறிய ஊரில் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் இடமே கவர்னர் மாளிகை நடனம்தான். அங்கே பாறை மாதிரிகளை வரிசையாக அடுக்கி வைத்தால் யார் வருவார்கள்?

ஆனால் அந்த மேசையால் நடந்தவை கொஞ்சமல்ல. 1838இல் பறவை ஆய்வாளர் ஜான் கூல்டும் ஓவியரான மனைவி எலிசபெத்தும் வந்தார்கள். கணவர் பெருநிலத்தில் பறவை தேடப் போனபோது கர்ப்பிணியான எலிசபெத் கவர்னர் மாளிகையிலேயே தங்கிச் செடிகொடிகளை வரைந்தார். 1839 மேயில் குழந்தையும் அங்கேயே பிறந்தது. பிராங்க்ளின் டாஸ்மன் என்று பெயர் வைத்தார்கள். 1840 ஆகஸ்டில் ஜேம்ஸ் கிளார்க் ராஸின் அண்டார்டிகா பயணக் கப்பல்கள் எரிபஸும் டெரரும் வந்தன. ஜோசஃப் ஹூக்கர் என்ற இளம் தாவரவியலாளர் அதில் இருந்தார். காந்தவியல் ஆய்வுக்கூடம் ஒன்றைக் கைதிகள் சில நாட்களில் எழுப்பினார்கள். டெரரின் கேப்டன் ஃபிரான்சிஸ் குரோசியர் சோஃபியாவிடம் மனதைப் பறிகொடுத்தார், சோஃபியா மறுத்துவிட்டார். ஐந்தே ஆண்டில் அதே இரண்டு கப்பல்களில், அதே குரோசியரோடு, ஜான் பிராங்க்ளின் ஆர்க்டிக் நோக்கிக் கிளம்பினார் என்பதை மனதில் வைத்துக்கொண்டு ஹோபார்ட் நாட்குறிப்புகளைப் படித்தால் வயிற்றைப் பிசைகிறது.

இரண்டாவது, பணம். இதில் ஜேன் சறுக்கியதையும் சொல்ல வேண்டும். தீவில் பாம்பை ஒழிக்கச் செத்த பாம்பு ஒன்றுக்கு ஒரு ஷில்லிங் என்று பரிசு அறிவித்தார். ஒரு பவுண்டுக்கு இருபது ஷில்லிங். கூலியே இல்லாமல் வேலை செய்யும் கைதிக்கு ஒரு ஷில்லிங் பெரிய காசு. ஒதுக்கிய வேலையை விட்டுவிட்டுப் பாம்பு தேடப் போனால் யாரைக் குற்றம் சொல்வது? உயிரியல் கணக்கும் ஒத்துவரவில்லை. டாஸ்மானியாவில் பாம்பு வகைகள் மூன்றே: புலிப்பாம்பு, செம்புத்தலைப் பாம்பு, வெள்ளுதட்டுப் பாம்பு. மூன்றும் நஞ்சுள்ளவை, மூன்றும் முட்டையிடாமல் குட்டி போடுபவை. புலிப்பாம்பு ஒரே ஈற்றில் இருபது முப்பது குட்டி போடும். குளிர்காலத்தில் வளையில் ஒடுங்கிவிடும். சாலையோரத்தில் அடித்த பாம்புக்குக் காசு கொடுத்துக்கொண்டே இருக்கலாம், காட்டுக்குள் இருக்கும் பாம்பு குறையாது. திட்டத்தைக் கைவிட்டார். ஊர்ச் சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.

அதே பணத்தில் ஹோபார்ட்டுக்கு வெளியே, இன்றைய லீனா வேலியில், 130 ஏக்கர் வாங்கினார். கிரேக்கச் சொல்லில் ஆன்காந்தி என்று பெயர். பூத்த பள்ளத்தாக்கு என்று பொருள். அங்கே 1842இல் அடிக்கல் நாட்டி, மணற்கல்லில் ஒரே ஒரு அறை கொண்ட சிறிய கிரேக்கக் கோயில் போல அருங்காட்சியகம் கட்டினார். முகப்பில் டோரிக் தூண்கள், உள்ளே இயற்கை வரலாற்றுச் சேகரிப்பும் நூல்களும். வடிவமைத்தவர் ஜேம்ஸ் பிளாக்பர்ன். கைதியாக நாடுகடத்தப்பட்டு வந்து பொதுமன்னிப்பு பெற்ற கட்டடக் கலைஞர். பராமரிப்புக்காக 400 ஏக்கர் நிலத்தை அறக்கட்டளையாக எழுதிவைத்துவிட்டு ஜேன் போனார். பிறகு நடந்தது, நம்மூர் அறக்கட்டளைகளைப் பார்த்தவர்களுக்குப் புதிதாக இருக்காது. கேட்பாரில்லை. சேகரிப்பு இடம் மாறியது, கோயில் ஆப்பிள் கிடங்கானது. 1949இல்தான் டாஸ்மானியா ஓவியர் சங்கத்தின் கைக்கு வந்து தப்பித்தது. கட்டடத்துக்கும் நிலத்துக்கும் ஏற்பாடு செய்தவர், அங்கே உட்கார்ந்து வேலை பார்க்க ஒரு ஆளுக்கு ஏற்பாடு செய்யவில்லை.

ஹுவான் நதிக்கரையிலும் நிலம் வாங்கி, ஒழுங்கான குடும்பங்களைக் குடியேற்றினார். பிராங்க்ளின் என்ற பெயரில் அந்த ஊர் இன்றும் இருக்கிறது. நியூ நார்ஃபோக்கில் ஒரு கல்லூரிக்கும் தம்பதியர் முயன்றார்கள். இங்கிலாந்தின் ரக்பி பள்ளித் தலைமையாசிரியர் தாமஸ் ஆர்னால்ட் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஜான் ஃபிலிப் ஜெல் 1840இல் வந்தார், நவம்பரில் அடிக்கல்லும் வைத்தார்கள். கல்லுக்கு அடியில் போட்ட நாணயங்களுக்காக இரவோடு இரவாக யாரோ கல்லைப் பெயர்த்துவிட்டார்கள். கைதிகள் நிறைந்த தீவில் காசைப் புதைத்ததை ஊர் முன்னால் காட்டியதுதான் தவறு.

பெண் கைதிகள் விஷயத்தில் ஜேன் லண்டனில் இருந்த சிறைச் சீர்திருத்தவாதி எலிசபெத் ஃபிரையோடு கடிதத் தொடர்பில் இருந்தார். ஃபிரையின் பெண்கள் சங்கம் நாடுகடத்தும் கப்பலில் ஏறும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பை கொடுத்தது. உள்ளே என்ன இருந்தது என்று பாருங்கள்: நூறு ஊசி, ஒரு அவுன்ஸ் குண்டூசி, வெள்ளை நூல் நான்கு உருண்டை, கறுப்பு, நீலம், சிவப்பில் ஒவ்வொரு உருண்டை, வண்ண நூல் இருபத்துநான்கு கண்ணி, விரல் உறை, கத்தரிக்கோல், தேவைப்படுவோருக்கு மூக்குக்கண்ணாடி, இரண்டு பவுண்டு எடைக்கு வெட்டுத்துணி. நூறு நாளுக்கு மேல் கப்பலடியில் அடைந்து கிடக்கும் பெண்களுக்குக் கைவேலை, இறங்கும்போது ஒரு தொழில், வழியில் விற்றால் கையில் கொஞ்சம் காசு என்பது கணக்கு.

1841 ஏப்ரல் 5 அன்று வுல்விச்சிலிருந்து புறப்பட்ட ராஜா என்ற கப்பலில் 180 பெண்கள். அவர்களை மேற்பார்க்க வந்த கெசியா ஹேட்டர் ஜேனுக்கு உதவியாக அனுப்பப்பட்டவர். ஜூலை 19 அன்று ஹோபார்ட்டில் இறங்கும்போது 2,815 துண்டுத் துணிகளால் தைத்த பெரிய போர்வை ஒன்று தயாராக இருந்தது. ஏறத்தாழ 325 சென்டிமீட்டருக்கு 337. நடுவில் பூவும் பறவையும் வெட்டி ஒட்டித் தைத்த வெள்ளைத் துணி, சுற்றிச் சுற்றிச் சட்டம் சட்டமாக ஒட்டுத்துணி. தையலை உற்றுப் பார்த்தால் ஓரிடத்தில் தேர்ந்த கை, பக்கத்திலேயே இப்போதுதான் ஊசி பிடித்த கை. கீழே சங்கத்துப் பெண்களுக்கு நன்றி சொல்லும் வாசகம். இதை ஜேனிடம் ஒப்படைத்தார்கள். இத்தகைய கப்பல் போர்வைகள் எத்தனையோ தைக்கப்பட்டிருக்கும். கிடைத்திருப்பது இது ஒன்றுதான். இங்கிலாந்து போய், ஸ்காட்லாந்தில் ஒரு பரணில் கிடந்து, 1989இல் ஆஸ்திரேலியா திரும்பியது.

அதே ஆண்டு பெண் கைதிகளைச் சீர்திருத்த ஒரு சங்கத்தை ஜேன் ஹோபார்ட்டில் தொடங்கினார். சிறைக்குப் போய்ப் பெண்களைப் பார்ப்பது கண்ணியமான வீட்டுப் பெண்களுக்கு அழகல்ல என்று பத்திரிகைகள் பாய்ந்தன. சேர்ந்தவர்கள் பின்வாங்கினார்கள், கொஞ்ச காலம் அடங்கிப்போனது.

இந்த வாழ்க்கையில் நியாயப்படுத்தவே முடியாத ஒரு பக்கம் மத்தீனா. தீவின் பூர்வகுடிகளில் மிஞ்சியவர்களை ஃபிளிண்டர்ஸ் தீவின் வைபலென்னா முகாமில் அடைத்திருந்தார்கள். அங்கே 1835 வாக்கில் டவ்டெரருக்கும் வொங்கர்னீப்புக்கும் பிறந்த சிறுமி மத்தீனா. அவளைக் கவர்னர் மாளிகைக்குக் கொண்டுவந்து எலினோரோடு சேர்த்துப் படிக்கவைத்தார்கள். வளர்ப்பு மகள் என்றும் சொல்ல முடியாது, வேலைக்காரி என்றும் சொல்ல முடியாது. நாகரிகம் கற்றுக்கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்க்கும் ஒரு சோதனை. 1842இல் தாமஸ் பாக் வரைந்த நீர்வண்ண ஓவியத்தில் சிவப்புக் கவுனும் இடைப்பட்டையும் அணிந்து உட்கார்ந்திருக்கிறாள். கால்கள் மட்டும் வெறுங்கால்கள். 1843இல் தம்பதியர் கிளம்பும்போது, இங்கிலாந்துக் குளிர் அவளுக்கு ஆகாது என்று காரணம் சொல்லி, ஹோபார்ட் அனாதை விடுதியில் விட்டுவிட்டுப் போனார்கள். பிறகு ஃபிளிண்டர்ஸ் தீவு, மறுபடி விடுதி, கடைசியில் ஆய்ஸ்டர் கோவ் முகாம். அங்கே 1852 வாக்கில், இருபது வயதுகூட ஆகாமல் இறந்துபோனாள். ஆயிரக்கணக்கான கடிதம் எழுதிய ஜேன், இந்தச் சிறுமிக்காக அப்படி ஒரு கடிதப் படையெடுப்பு நடத்தவில்லை. படித்தவர், இரக்கமுள்ளவர் என்று அவரைப் புகழும் கட்டுரைகள் மத்தீனாவை ஒரு வரியில் தாண்டிப் போவது எனக்கு ஒப்பவில்லை.

பயணத்துக்கு வருவோம். 1839இல் போர்ட் பிலிப்பிலிருந்து, அதாவது நான்கே வயதான மெல்பர்னிலிருந்து, சிட்னிக்குத் தரைவழியே போன முதல் ஐரோப்பியப் பெண் இவர். குதிரை, வண்டி, கூடாரம், இரும்புக் கட்டில் எல்லாம் கூடவே. ஏப்ரலில் கிளம்பி மே மாதம் சேர்ந்தார். வழியெல்லாம் கேள்வி, குறிப்பு.

1842இன் பயணம் அப்படி இலகுவாக அமையவில்லை. லேக் செயின்ட் கிளேர் பக்கமிருந்து மேற்குக் கரையின் மக்வாரி துறைமுகம் வரை காட்டுவழி. நில அளவையர் ஜேம்ஸ் கால்டர் முன்கூட்டியே பாதை வெட்டியிருந்தார். ஜேனுக்கு ஒரு டோலி, தூக்கியது கைதிகள். திட்டத்தில் மூன்று ஓட்டை. ஒன்று, மார்ச் கடைசியில் கிளம்பினார்கள். தென்கோளத்தில் அது இலையுதிர் காலம், மேற்கு டாஸ்மானியாவில் மழை பிடித்துக்கொள்ளும். இரண்டு, டோலி சமவெளிக்குச் சரி. விழுந்த மரமும் சேறும் செங்குத்துச் சரிவும் உள்ள காட்டில் பல இடங்களில் இறங்கி நடக்கத்தான் வேண்டும். மூன்று, உணவை எல்லாம் முதுகில்தான் சுமக்க வேண்டும். சுமப்பவனும் சாப்பிடுவான் என்பதால் ஒவ்வொரு நாள் தாமதமும் இரட்டிப்பாக வலித்தது. ஆறு பெருகிக் கடக்க முடியாமல் முகாமில் முடங்கினார்கள். சாப்பாடு தீர, கால்டர் வந்த வழியே திரும்ப நடந்து போய் உணவு கொண்டுவந்தார். கரைக்கு வந்து பிரீஸ் என்ற பாய்மரக் கப்பலில் ஏறினால், எதிர்காற்றில் துறைமுகத்தை விட்டு வெளியேற முடியவில்லை. ஹோபார்ட்டில் கவர்னரும் மனைவியும் தொலைந்தார்கள் என்றே பேச்சாகிவிட்டது. டோலி தூக்கியவர்களுக்கு ஜேன் நன்றியோடு இருந்தார், தண்டனைக் குறைப்புக்கும் பேசினார். இருந்தாலும் ஒரு பெண்ணின் காடு பார்க்கும் ஆசைக்குக் கைதிகளின் தோள் என்று எதிரிகள் சொன்னதை முழுக்கப் பொய் என்று தள்ளிவிட முடியாது.

எதிரிகளுக்கு அப்போது காரணமும் கூடியிருந்தது. ரிச்மண்ட் ஊரில் அடிபட்ட கைதியைப் பார்க்காமல் விட்டதாக அரசு மருத்துவர் ஒருவரை கவர்னர் வேலைநீக்கம் செய்தார். ஊரார் மனு கொடுக்க, மறுபடி சேர்த்துக்கொண்டார். அந்த மனுவுக்குப் பின்னால் லேடி பிராங்க்ளின் இருக்கிறார் என்று மான்டேகு குற்றம் சாட்டி, கவர்னரோடு ஒத்துழைப்பதையே நிறுத்தினார். 1842 ஜனவரியில் பிராங்க்ளின் அவரைப் பதவியிலிருந்து இடைநிறுத்தினார். மான்டேகு நேரே லண்டனுக்குக் கப்பலேறினார்.

இங்கேதான் தூரத்தின் கணக்கு வேலை செய்தது. லண்டனுக்கும் ஹோபார்ட்டுக்கும் தபால் போக நான்கு மாதம், பதில் வர இன்னொரு நான்கு. ஒருவர் நேரில் நின்று பேச, மற்றவர் காகிதத்தில் பேசினால் யார் ஜெயிப்பார்? காலனி அமைச்சர் ஸ்டான்லி பிரபு மான்டேகுவின் பக்கம் சாய்ந்து, அவருக்கு நன்னம்பிக்கை முனையில் அதே பதவியையும் கொடுத்தார். அமைச்சர் எழுதிய கண்டனக் கடிதத்தின் நகல் மான்டேகுவின் ஹோபார்ட் நண்பர்கள் கையில் சுற்றியது. 1843 ஆகஸ்டில் புதிய கவர்னர் ஏர்ட்லி-வில்மட் வந்து இறங்கியபோது, தன் பதவி முடிந்தது என்ற அதிகாரபூர்வத் தாள் பிராங்க்ளினின் கைக்கு இன்னும் வந்திருக்கவில்லை.

மனைவி சொல்லி ஆடுகிறார் என்ற பேச்சு அவரை விடவில்லை. ஊர் திரும்பியதும் தன் தரப்பை விளக்கி ஒரு நூல் அச்சிட்டார். பெயரை மீட்க இன்னொரு வழியும் தெரிந்தது. 1845 மே 19 அன்று, 59 வயதில், எரிபஸ், டெரர் கப்பல்களில், வட அமெரிக்காவின் வடக்கே பசிபிக்குக்குப் போகும் வடமேற்குக் கடல்வழியைத் தேடிப் புறப்பட்டார். மூன்றாண்டுக்கு உணவு. வழியில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் போக 129 பேர்.

1847இல் செய்தி இல்லை. ஜேன் பழைய வேலையைத் தொடங்கினார். இந்த முறை தூரம் அவருக்கு எதிராக இல்லை. கடற்படைத் தலைமையகம் நடக்கும் தொலைவில். அதன் அருகே அவர் எடுத்த வாடகை வீட்டுக்கு பீரங்கி மேடை என்று பெயர் வந்துவிட்டது. அங்கிருந்து கடிதக் குண்டுகள் பாயும்.

அவர் செய்முறையைப் பிரித்துப் பார்க்கலாம். முதலில் செய்தி சேகரிப்பு: திமிங்கில வேட்டைக் கப்பல்கள்தான் பனியின் விளிம்புக்குப் போய்வருபவை என்று ஆர்க்னி, ஷெட்லாண்ட் வரை போய் மாலுமிகளிடம் பேசினார். சொந்தப் பணத்தில் பரிசும் அறிவித்தார். பிறகு அரசும் 20,000 பவுண்டு அறிவித்தது. உள்நாட்டு அரசு அசையாவிட்டால் வெளிநாட்டை அசைப்பது: 1849 ஏப்ரலில் அமெரிக்க ஜனாதிபதி சக்கரி டெய்லருக்கு எழுதினார். அமெரிக்கர்கள் கண்டுபிடித்துவிட்டால் பிரிட்டிஷ் கடற்படைக்கு எத்தனை வெட்கம் என்பது சொல்லாமல் சொன்னது. நியூயார்க் வணிகர் ஹென்றி கிரின்னெல் இரண்டு கப்பல்கள் வாங்கிக் கொடுக்க, 1850 மேயில் புறப்பட்டன. கணவருக்கு எழுதிய கடிதங்களையும் தேடுதல் கப்பல்களில் கொடுத்தனுப்பினார். பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன.

அதற்கும் மேலே, சொந்தக் கப்பல்கள். 1850இல் பிரின்ஸ் ஆல்பர்ட், 1851இல் மறுபடி அதுவே, 1852இல் இசபெல். கடற்படை வடக்கே தேடிக்கொண்டிருக்க, ஜேன் தெற்கே, பூதியா வளைகுடா, கிங் வில்லியம் தீவு பக்கம் போகச் சொன்னார். சரியான திசை. முதல் முறை பனி மறித்தது. பீச்சி தீவில் பிராங்க்ளின் குழுவின் முகாம் தடயங்கள் கிடைத்த செய்தியோடு கப்பல் சீக்கிரமே திரும்பிவிட்டது. இரண்டாம் முறை வில்லியம் கென்னடியும் பிரெஞ்சு அதிகாரி பெல்லோவும் பீல் நீரிணை அடைபட்டிருக்கிறது என்று தவறாகக் கணித்து, தெற்கே திரும்பாமல் மேற்கே போனார்கள். வெண்மை மூடிய பரப்பில் எது தரை, எது உறைந்த கடல் என்று கண்ணால் பிரிப்பது கடினம்.

1854 மார்ச் இறுதியோடு அனைவரும் இறந்ததாகக் கருதிப் பெயர்களை நீக்குவதாகக் கடற்படை அறிவித்தது. விதவைக்குரிய ஓய்வூதியத்தை ஜேன் மறுத்தார். துக்க உடையைக் களைந்து பச்சையும் இளஞ்சிவப்புமாக உடுத்தினார். உடையாலேயே ஒரு மறுப்பறிக்கை. அதே ஆண்டு ஆர்க்டிக் பயணி ஜான் ரே, அங்குள்ள பூர்வகுடிகளான இன்யூட் மக்களிடம் கேட்ட செய்தியையும் வாங்கிய பொருட்களையும் கொண்டுவந்தார்: பட்டினி, சாவு, கடைசியில் மனித மாமிசம். ஜேன் ஏற்கவில்லை. சார்லஸ் டிக்கன்ஸ் தன் வார இதழில் இன்யூட் சொல்லை நம்பக் கூடாதென்று எழுதினார். பின்னால் கிடைத்த எலும்புகளில் கத்தித் தடங்கள் இருந்தன. இன்யூட் சொன்னது உண்மை. ரேக்கு சர் பட்டம் கிடைக்கவேயில்லை.

கைவிடப்பட்ட தேடுதல் கப்பல் ரெசொல்யூட்டை அமெரிக்கா மீட்டு, 40,000 டாலருக்கு வாங்கிச் செப்பனிட்டு, 1856 டிசம்பரில் விக்டோரியா அரசிக்குப் பரிசளித்தது. அதைத் தேடுதலுக்குக் கொடுங்கள் என்று ஜேன் கேட்டார். இல்லை என்றார்கள். 1857இல் ஃபாக்ஸ் என்ற 177 டன் நீராவிப் படகை 2,000 பவுண்டுக்கு வாங்கினார். இன்பப் பயணப் படகு அது. வெளிப்புறம் கூடுதல் பலகை அடித்து, முகப்புக்கு இரும்பு கவசம் போட்டு, உள்ளே பஞ்சுமெத்தை அலங்காரத்தை எல்லாம் பிடுங்கி எறிந்துதான் பனிக்கு ஏற்றதாக்கினார்கள். கேப்டன் லியோபோல்ட் மெக்ளின்டாக் சம்பளம் வாங்கவில்லை. ஆட்கள் 25 பேர். உலர்ந்த இறைச்சியைக் கொழுப்போடு இடித்துச் செய்யும் பெம்மிகன் ஆறாயிரம் பவுண்டு எடைக்கு மேல் அரசு கொடுத்தது. முதல் குளிர்காலமே பாஃபின் விரிகுடாப் பனியில் மாட்டி, எட்டு மாதம் பின்னோக்கி மிதந்தார்கள். கரைக்கு வந்து மறுபடி வடக்கே திரும்பினார்கள்.

1859 மேயில் ஃபாக்ஸ் கப்பலின் அதிகாரி ஹாப்சன் கிங் வில்லியம் தீவின் கற்குவியலில் ஒரு தாளைக் கண்டெடுத்தார். ஒரே தாளில் இரண்டு குறிப்பு. 1847 மே: எல்லாம் நலம். 1848 ஏப்ரல்: கப்பல்களைக் கைவிட்டோம், 105 பேர் மிச்சம், நாளை தெற்கே மீன் ஆற்றை நோக்கி. சர் ஜான் பிராங்க்ளின் இறந்தது 1847 ஜூன் 11. முதல் தேடுதல் கப்பல் கிளம்பும் முன்பே.

1860இல் ராயல் ஜியாகிரஃபிகல் சொசைட்டி தன் நிறுவனர் பதக்கத்தை ஜேனுக்கு அளித்தது. அதற்கு முன் எந்தப் பெண்ணுக்கும் கொடுத்ததில்லை. அதன்பிறகும் ஓயாமல் சுற்றினார்: பிரிட்டிஷ் கொலம்பியா, ஹவாய், ஜப்பான். 1875 ஜூலை 18 அன்று, 83 வயதில் லண்டனில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் கணவருக்கு அவர் ஏற்பாடு செய்த நினைவுச் சின்னம் இரண்டு வாரம் கழித்துத் திறக்கப்பட்டது.

நேரில் பார்க்க நினைப்பவர்களுக்கு: ஆன்காந்தி கோயில் ஹோபார்ட்டின் லீனா வேலியில் சிறிய ஓவியக் கூடமாக இருக்கிறது. பழைய கவர்னர் மாளிகை நின்ற இடம் இப்போது பிராங்க்ளின் சதுக்கம், சிலை கணவருக்குத்தான். ராஜா போர்வை கான்பெராவின் தேசியக் கலைக்கூடத்துக்குச் சொந்தம். வெளிச்சம் பட்டால் சாயம் போகும் பழந்துணி என்பதால் எப்போதும் காட்சியில் இருக்காது, கேட்டுவிட்டுப் போக வேண்டும். நாட்குறிப்புகளும் கடிதங்களும் கேம்பிரிட்ஜில் ஸ்காட் துருவ ஆய்வு நிலையத்தில் இருக்கின்றன. அந்தப் பொடி எழுத்துக்கு உருப்பெருக்கிக் கண்ணாடி அவசியம்.